படாகானாவில் கூப்பிட்ட பெயர்

டேராடூன்
3 செப்டம்பர் 2019

மதிப்பிற்குரிய கேப்டன் கேதார் சிங் குசாயின் சாப் அவர்களுக்கு,

வணக்கம். நலம்தானே? வீட்டில் பசந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் லான்ஸ்டௌனில் நம் பட்டாலியனின் ஒன்றுகூடல். ஜவான்களுக்கு என்ன முன்னேற்றம் இருக்கிறது, அதிகாரிகளுக்கு என்ன இருக்கிறது என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரி ஆனவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். நீங்களும் நானும் ஒரே காலையில் ஒரே வரிசையில் நின்று சேர்ந்தவர்கள். கடைசிவரை ஜவான்களோடே இருந்தவர் நீங்கள். மேடையில் என் பக்கத்தில் அமர்ந்து பேச வர வேண்டும்.

தங்கள்,
கர்னல் சத்யேந்திர சிங் பட்வால் (ஓய்வு)


பௌரி
14 செப்டம்பர்

கர்னல் சாப் அவர்களுக்கு, ராம் ராம்.

என் போன் நன்றாக வேலை செய்கிறது. நான்தான் எடுக்கவில்லை. போனில் உங்களுக்கு அவசரம் வந்துவிடும். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நான் கேப்டன் இல்லை. ஓய்வு பெறும் நேரத்தில் குடியரசு தினத்தன்று கொடுத்த கௌரவப் பட்டம் அது. அதைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரி பசந்திதான். "கேப்டன் சாப், எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பாள். என் கதவில் சுபேதார் மேஜர் என்றுதான் எழுதியிருக்கிறது. நான் ஏறி வந்த படி அது.

பேச்சுக்கு வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரிக்கு ராணுவம் முன்கூட்டியே பாதை போட்டு வைத்திருக்கிறது. இந்த வயதில் இந்தப் பயிற்சி, அப்புறம் அந்தக் கல்லூரி, அப்புறம் வெளிநாடு. ஜவான் தேர்வில் தேறினாலும் மேலே இருப்பவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஹவில்தார் தங்கமான மனிதர். அவர் எப்போது ஊருக்குப் போவார் என்று என்னை ஏங்க வைத்தது அந்த ஏற்பாடு.

அதிகாரித் தேர்வுக்கு ஒரே இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தை இரண்டாகக் கிழித்து நாம் படித்தோம். முன்பாதி எனக்கு, பின்பாதி உங்களுக்கு. தேர்வு சமயத்தில் என்னைப் பனிமலைச் சாவடிக்கு அனுப்பினார்கள். பாதை மூடிக்கொண்டது. அடுத்த தேர்வு வருவதற்குள் எனக்கு இருபத்தேழு வயது என்ற வரம்பு தாண்டிவிட்டது. பனியில் கிடந்த மாதங்களை யாரும் வயதில் கழிக்கவில்லை. இது சரியில்லை என்று அன்றைக்கே சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எட்டாவதோடு வந்த எனக்குப் பத்தாவது சான்றிதழ் வாங்கித் தந்தது ராணுவம்தான். மீதியை நானே படித்துக்கொண்டேன். இன்று உட்கார்ந்து உங்களோடு காகிதத்தில் சண்டை போடுகிறேன் என்றால் அது அவர்கள் போட்ட பிச்சை. தின்ற உப்பை நான் மறந்தவன் இல்லை. நன்றி இருக்கிறது என்பதற்காக நியாயம் கேட்கக் கூடாதா?

வர முடியாது. காரணம் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது.

கேதார் சிங் குசாயின்


டேராடூன்
22 செப்டம்பர்

மதிப்பிற்குரிய சுபேதார் மேஜர் சாப் அவர்களுக்கு,

மன்னியுங்கள், திருத்திவிட்டேன். நீங்கள் சொன்னதையெல்லாம் பேச்சில் சேர்க்கிறேன், பனியில் கிடந்த மாதங்களையும்தான். இனித் தடை இல்லையே? அறை பதிவு செய்யட்டுமா?

தங்கள்,
சத்யேந்திர சிங் பட்வால்


பௌரி
30 செப்டம்பர்

கர்னல் சாப் அவர்களுக்கு,

பதிவு செய்ய வேண்டாம். முதல் வரி இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. ஸ்டாஃப் காலேஜில் சொல்லித்தராத விஷயம் போல.

இடத்தை மட்டும் சொல்கிறேன். தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு, புது அதிகாரியாக நீங்கள் நம் பட்டாலியனுக்கே திரும்பி வந்த வாரம், படாகானா நடந்தது. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிற அந்த விருந்தில் வழக்கம்போல அதிகாரிகள் ஜவான்களுக்குப் பரிமாறினார்கள். என் தட்டுக்கு நீங்கள் வந்தீர்கள்.

"ஹவில்தார், இன்னும் கொஞ்சம் கறி?" என்றீர்கள்.

கறி நல்ல மணமாக இருந்தது. நான் தொடவில்லை.

கேதார் சிங் குசாயின்


டேராடூன்
12 அக்டோபர்

பைஜி,

பாரக்கில் அண்ணன் முறைக்கு உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். தம்பி என்று என்னைப் புலா என்பீர்கள். அந்த விருந்தில் பைஜி என்றுதான் வாய் எடுத்தேன். கமாண்டிங் ஆபீசர் பக்கத்தில் நின்றார். ஜவான்கள் சொல்லும் 'சாப்' என்பதை மறந்து, அதிகாரிகள் சொல்லும் 'சார்' என்று பழகு என்பதுதான் அகாடமியில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். சொல்லை விழுங்கிவிட்டேன். அப்புறம் அது வெளியே வரவே இல்லை.

ஆனால் அன்று காலை நடந்ததை நீங்கள் எழுதவில்லை. எழுதவும் மாட்டீர்கள். மைதானத்தில் கம்பெனி முழுக்க என்னைப் பார்த்து நின்றது. நேற்றுவரை தங்களோடு கக்கூஸ் கழுவியவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். நீங்கள் முன்னால் வந்து, குதிகால் சத்தம் கேட்க நின்று, சல்யூட் அடித்தீர்கள். "ஜெய் ஹிந்த், சாப்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நட்சத்திரத்தைக் கொடுத்தது அகாடமி. அதை என் தோளில் நிற்க வைத்தது உங்கள் கை.

அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். வாருங்கள்.

உங்கள் புலா


பௌரி
20 அக்டோபர்

புலா,

உன் கடிதத்தைப் பசந்தி உரக்கப் படிக்கச் சொன்னாள். முதல் வரியை மட்டும் இரண்டு தரம் படித்தேன். "இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் சல்யூட் அடித்தது நட்சத்திரத்துக்கு. அதில் ஒரு முனையாவது நான் உனக்குப் படித்துக் காட்டிய முன்பாதியிலிருந்து வந்தது என்று நினைத்துத்தான் அடித்தேன். உன் நன்றியை வாங்கிக்கொள்கிறேன். என்னுடையதையும் நீ வாங்கிக்கொள். நீ அகாடமிக்குப் போன பிறகுதான் ஜவானும் போக முடியும் என்றே நம் ஆட்களுக்குத் தெரிந்தது. அப்புறம் எத்தனை பேர் விண்ணப்பம் போட்டார்கள். இழுத்தடித்த கிளார்க்குகளிடமெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் நான் சண்டை போட்டேன். ஒரு தடவைகூட அந்தப் பெயர் என்னைக் கைவிடவில்லை.

பனி விஷயத்தில் என் கருத்து மாறாது. பேச்சில் அதை விட்டுவிடாதே.

வருகிறேன். பசந்தி அர்சா இனிப்பு சுட்டுத் தருகிறாள். மேடையில் உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். ஆனால் காகிதத்தில் எழுதுவது சுலபம். படாகானாவில் இந்தத் தடவையும் நீயே பரிமாற வா. நம் கம்பெனி ஆட்கள் எல்லாரும் வரிசையில் இருப்பார்கள். என் தட்டு வந்ததும் கூப்பிடு.

பீரங்கிச் சத்தத்தில் எனக்கு வலது காது போய்விட்டது உனக்குத் தெரியும். சத்தமாகக் கூப்பிடு.

உன் பைஜி,
கேதார்