அப்பளம் பொரிக்கும் ஊர்கள்

செவ்வாய், படுக்கப் போகும் முன்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எழுதிய புதிய பாடத்திட்டத்தைப் பார்க்கத் தலைமையாசிரியர் இன்று வகுப்பில் உட்கார்ந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் பழையபடி பயிற்சிப் புத்தகம்தான். பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளையும் நானே எழுதி வைத்திருந்தேன், மடச்சி. ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

வெளியே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனது. யாழினி எழுந்தாள்.

"டீச்சர், நம்ம எஸ்டேட்டு எண்ணெயில எந்தெந்த ஊர்ல அப்பளம் பொரிக்கிறாங்க?"

"எனக்கும் தெரியலை லா," என்றேன்.

வகுப்பே உலக வரைபடத்துக்கு ஓடியது. அதில் எங்கள் ஊர் அசாம் ஜாவா இல்லை. சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே திட்டும் தலைமையாசிரியர், தம் பேனாவாலேயே வரைபடத்தில் புள்ளி வைத்தார்.

"இங்கேருந்து ஆரம்பிங்க."

புள்ளி கடலில் விழுந்திருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.