அக்காவுக்குத் தெரியும்

என் ஸ்டெல்லா அக்கா,

அப்பாவைப் போன வாரம் உன் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இனி நான் வாயைத் திறக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் நீ என்ன வேலை பார்த்தாய் என்று நம் மல்காஜ்கிரித் தெருவில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. நார்வேயிலிருந்து வரும் அறிவியல் கட்டுரைகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக் கொடுத்தாய். கம்பெனி பஸ்ஸில்கூட, வாய்க்குள் அடங்காத சொற்களைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டிருப்பாய். 'வார்மெலெட்னிங்ஸெவ்னெ' என்ற ஒரு சொல்லைக் கேட்டு நான் சிரித்ததும் உனக்கு வந்ததே கோபம்!

"வார்மென்னா வெப்பம், லெட்னிங்னா கடத்துறது, எவ்னென்னா திறன். நடுவுல இருக்கிற 'ஸ்' வெறும் பசை. அதை முன்னாடி சொல்லோட விடணும். காதுல விழுற மாதிரி வெட்டினா 'ஸெவ்னெ'ன்னு வரும். அப்படி ஒண்ணு கிடையாதுடி. எப்பவும் கடைசித் துண்டைப் பாரு, அதுதான் பொருள் என்னன்னு சொல்லும்."

இப்படிப்பட்ட உன்னிடம் போய் அப்பா மறைத்தார். உன் வயிற்று வலிக்கு டெஸ்ட் எடுத்த அன்று, "அந்தப் பேரை மட்டும் அவ முன்னாடி சொல்லிராதீங்க" என்று டாக்டரைக் கெஞ்சினார். நோயாளியிடம் சொல்லாமலிருப்பதுதானே நம் வீடுகளில் பாசம்? டாக்டரும் உன் கட்டிலருகே நின்று 'அடினோகார்சினோமா' என்று மட்டும் முணுமுணுத்தார். "ஒண்ணுமில்லேம்மா, அல்சர்தான்" என்றார் அப்பா. நீ தலையாட்டினாய்.

அவர் மருந்து வாங்கப் போனதும் என் கையைப் பிடித்தாய்.

"அல்சர் இல்ல ரீட்டா, கேன்சர். அந்தச் சொல்லோட பின்பாதி அதுதான்."

நான் அழுதேன்.

"நக்கோ, வேணாம், அழாத. அப்பாட்ட சொல்லிராத. எனக்குத் தெரியாதுங்கிற தைரியத்துலதான் அவர் நின்னுட்டிருக்கார்."

அதற்குப் பிறகு என்ன நடிப்பு நடித்தாய்! கிறிஸ்துமஸுக்கு என்ன புடவை எடுப்பது என்று அப்பாவோடு சண்டை போட்டாய். வலியில் தலையணையைக் கடித்துவிட்டு, அல்சர் படுத்துகிறது என்றாய். பயமாக இருக்கிறது என்று என்னிடம்கூட நீ சொல்லவில்லை. ஏன் அக்கா? நானும் உடைந்துபோவேன் என்று நினைத்தாயா?

"எம்பொண்ணு ஒண்ணும் தெரியாமலே போயிட்டா, அது மாதா செஞ்ச புண்ணியம்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அவருக்காகத் துக்கம் விசாரிக்க நேற்று வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

உனக்குக் கொடுத்த வாக்கு அப்பாவோடு முடிந்தது. இப்போது வேறொரு வாக்கு தருகிறேன். இனி யார் அப்படிச் சொன்னாலும் எழுந்துபோக மாட்டேன். எங்கள் அக்கா எல்லாம் தெரிந்துதான் செத்தாள், பயத்தை யாரிடமும் சொல்லாமல் தன்னந்தனியாகச் செத்தாள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரீட்டா