வீராச்சாரி வீட்டு நெருப்பு

மதகடி, சதுரங்கப்பட்டினம் வழி
8 ஜூன் 2025

பிலாயில் இருக்கும் காயத்ரி அம்மாவுக்குத் தனகோடி சொல்ல, அணுபுரத்தில் ஓய்வு பெற்ற பன்னீர்செல்வம் எழுதுவது.

நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று டீக்கடை ரேடியோவில் சொன்ன வருடம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம். அந்த ஐப்பசி மழையில்தான் உன் அப்பா காசிநாதன் தகரப் பெட்டியோடு ஊரை விட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி வந்த முதல் சேதி உன் கடிதம். 'கொல்லுப்பட்டறை, மதகடி' என்று விலாசம் போட்டிருக்கிறாய். பட்டறை இப்போது எங்கே இருக்கிறது? பழைய கதை என்றால் நான்தான் என்று தபால்காரர் என்னிடம் கொண்டுவந்தார். எனக்குக் காது மந்தம், அதனால் போன் வேண்டாம்.

ஊரில் யாருமில்லை என்று சொல்லி வளர்த்த அப்பா, படுக்கையில் விழுந்ததும் வீட்டில் யாருக்கும் புரியாத தெலுங்கில் பேசுகிறார், 'அக்கா, அக்கா' என்று அழுகிறார் என்கிறாய். யார் அந்த அக்கா, நாங்கள் யார் என்று கேட்டிருக்கிறாய்.

நீங்கள் யார் என்பதை இன்றைக்கே சொல்கிறேன். தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிக் கால்வாய் வெட்டினார்கள். அப்போது மதகுக்கு இரும்பு அடிக்க நெல்லூர்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சாரியைப் படகில் கூட்டி வந்தார் வெள்ளைக்காரத் துரை. பெயர் வீராச்சாரி. உன் அப்பாவின் தாத்தாவைப் பெற்றவர். கையில் சுத்தியல்கூட இல்லை. தன் வீட்டு உலை நெருப்பை மட்டும் மண்சட்டியில் சாம்பல் மூடி எடுத்து வந்தாராம். 'இங்கே நெருப்புக்குமா பஞ்சம்?' என்று துரை சிரித்தாராம். வேலை முடிந்ததும் துரை போய்விட்டார். வீராச்சாரி இங்கேயே தங்கி, படகுக்கு நங்கூரமும் ஏருக்குக் கொழுவும் அடித்தார். அந்தப் படகைத் தள்ளி வந்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள். அதனால் கதை எங்களிடம் இருக்கிறது.

அக்கா விஷயம் கொஞ்சம் பொறு.

பிலாய்
17 ஜூன் 2025

மரியாதைக்குரிய தனகோடி ஐயாவுக்கு வணக்கம்.

எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ் இவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் இரும்பாலையில் உலை முன்னால் நின்றவர், வீட்டில் அடுப்பில் யாராவது தண்ணீர் தெளித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அது ஏன் என்றும் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

பொறு என்கிறீர்கள். டாக்டர் என் தம்பியை வரச் சொல்லிவிட்டார். எனக்குப் பொறுக்க நேரமில்லை ஐயா.

அன்புடன்,
காயத்ரி

மதகடி
24 ஜூன் 2025

காயத்ரி அம்மாவுக்கு,

கோபப்படாதே. சொல்கிறேன்.

வீராச்சாரி வீட்டில் ஒரு முறை உண்டு. உலை நெருப்பு அணையக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றி அவிப்பார்கள். காரியம் முடிந்ததும் அந்த வீட்டுப் பெண் வந்து தன் கையால் மூட்டுவாள். வேறு யாரும் மூட்டக் கூடாது.

உன் தாத்தா சுப்பாச்சாரிக்கு ஒரே பெண், ஒரே பையன். நான் சொன்ன அந்த வருடம் ஆடியில், பெண் ஒரு படகுக்காரனோடு போய்த் திருக்கழுக்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டாள். சுப்பாச்சாரி தலை முழுகினார். செத்தவளுக்குச் செய்வதுபோல உலையையும் அவித்தார்.

மறு வாரம் ஏர்க்காரர்கள் கொழுவோடு வந்து நின்றார்கள்.

"இன்னா ஆச்சாரியாரே, ஒரு தீக்குச்சி கிழிச்சா ஆவாதா?"

"எங்க வூட்டு உலைய எங்க வூட்டுப் பொண்ணுதான் மூட்டணும்."

"அந்தப் பொண்ணைத்தான் நீயே சாவடிச்சிட்டியே!"

மனுஷன் அதை யோசிக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாகும்வரை சம்மட்டியைத் தொடவில்லை.

மேற்கொண்டு சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. முதலில் உன் அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டுமாம்: அன்றைக்கு உலையில் தண்ணீர் ஊற்றியது யார் கை?

தனகோடி
(எழுதியது பன்னீர்செல்வம். எனக்கும் தெரிய வேண்டும்.)

பிலாய்
2 ஜூலை 2025

தனகோடி ஐயாவுக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பெயர் வந்ததும், "அந்தப் படகுக்காரன் இன்னும் கீறானா?" என்று சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். கேள்வியைப் படித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தான் ஊத்தினேன். நைனா கொடத்தைக் கையில குடுத்துட்டாரு. அதுக்கு முன்னாலயே ரெண்டு நெருப்புக் கங்கு எடுத்து சட்டியில மறைச்சிட்டேன். அவ படகுலதான வருவா, வந்தா மூட்டட்டும்னு கரையிலயே வெச்சி, கொட்டாங்கச்சி போட்டுக் காப்பாத்திகினு இருந்தேன். மழ புடிச்சிக்கிச்சி. சட்டி அணைஞ்சி போச்சி. அவ வரல."

அன்று ராத்திரியே பெட்டியை எடுத்தாராம். அத்தை பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று தாத்தா சத்தியம் வாங்கியிருக்கிறார். இன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அப்பாவுக்குப் பயம். நான் கேட்கிறேன். இருக்கிறாரா?

காயத்ரி

மதகடி
9 ஜூலை 2025

தனகோடி சொல்ல, பன்னீர்செல்வம் எழுதுவது.

மருமகள் காயத்ரிக்கு,

உன் கடிதத்தைப் பன்னீர்செல்வம் இங்கே உரக்கப் படித்தார். தம்பி கையால் தண்ணீர் ஊற்றினான் என்று மட்டும்தான் அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்துக்குச் சேதி வந்தது. அந்த ரோஷத்தில்தான் அப்பன் சாகும்வரை இந்தக் கரைப் பக்கமே அவள் வரவில்லை. சட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

கேட்டு முடித்ததும், "மடப்பய, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?" என்று திட்டினாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் பிலாய்க்கு வர, செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

பன்னீர்செல்வம் போனிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் விடவில்லை. "அவன் வாயால சொல்ல வாணாம். எழுதி அனுப்பு, கண்ணால படிக்கட்டும்" என்றாள். அதனால் உன் அப்பா கண்ணுக்கு எட்டும்படி இந்தக் காகிதத்தைப் பிடி.

வீராச்சாரி வம்சத்தில் இந்தக் கரையில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. என் வீட்டுக்காரி, சந்திரம்மா.