கூட்டமில்லாத ஆஸ்பத்திரி

திருப்பூர்

அன்பு சண்முகக்கனிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் உட்கார்ந்திருப்பதை டிவியில் பார்த்துப் பயந்து போன் செய்தாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வெறும் இருமல்தான்.

செய்திக்காரப் பெண், "கூட்டமே இல்லீங்களே, சௌகரியமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"கூட்டம் இல்லைதான். இது திறந்திருக்கிற நேரம் எல்லாரும் ஷிப்டுல இருக்காவ. லீவு போட்டா சம்பளம் போச்சு, அதான் மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் திங்காவ. இருமுதேன்னு கம்பெனியில நிறுத்திட்டாவ, அதனால நான் வந்தேன்" என்றேன்.

முதல் இரண்டு வார்த்தையை மட்டும் போட்டார்கள். நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது வைத்த பஞ்சாயத்தில் என்னைப் பேசவிடாத உன் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இனி இந்த டிவிக்காரர்களும் அவரோடு சேர்த்தி.

டாக்டரம்மா நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "கூட யாருங்க வந்திருக்காங்க?" என்றார். திரும்பிப் பார்த்தேன். கேமராக்காரர்தான் நின்றார்.

கம்பளியும் கொஞ்சம் சித்தரத்தையும் சங்கரன்கோவில் பஸ்ஸில் கொடுத்துவிடு. நீயே கொண்டுவந்தாலும் சரிதான்.

அவசரமாக,
பூபாலன்