நான்காம் எண் மெஷின்

அன்பான அன்வர் தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் போன செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு உங்கள் போனில் அப்படிக் கத்தியிருக்கமாட்டேன்.

புதன்கிழமை காலை நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டு நர்ஸ் கூப்பிட்டார். “சார், ஒரு இடம் காலியாயிருக்கு. பட்டியல்ல நீங்கதான் முதல். நாளைக்குக் காலையில வந்துடுங்க.” நான்கு மாதமாக வாரம் இரண்டு முறை திருச்சிக்குப் பஸ் ஏறி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பிய உடம்பு இது. உடனே உங்கள் எண்ணை அழுத்தினேன். மறுமுனை வாய் திறப்பதற்குள், “அன்வர், எனக்கு இடம் கிடைச்சிடுச்சு!” என்றேன். எழுபத்திரண்டு வயதுவரை நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

போனை எடுத்திருந்தது உங்கள் அண்ணன் பஷீர் பாய். “சார், தம்பி மௌத்தாயிட்டான். நேத்து விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னான். லெப்பைக்குடிக்காட்டுலயே அடக்கமும் பண்ணியாச்சு. யாருக்குன்னு போன் போடுறது சார், கையே ஓடல.”

காலியான இடம் எது என்று அப்போதுதான் புரிந்தது.

இடம் காலியாக வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டேனே, ஒரு மெஷின் எப்படிக் காலியாகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் முப்பது வருடம் கரும்புச் சாற்றைச் சோதித்தவன். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவன். இதை மட்டும் எப்படி விட்டேன்?

அந்தப் பட்டியலை வாராவாரம் சார்ட் பேப்பரில் எழுதி வார்டு கதவில் ஒட்டியவனும் நான்தான். ஒட்ட வைத்தது நீங்கள். சிபாரிசு உள்ளவருக்கே முதல் இடம் என்றிருந்ததை, மெஷினில் படுத்துக்கொண்டே டாக்டரிடம் வாதாடி மாற்றினீர்கள். “பேரு கதவுல இருந்தா யாரும் நடுவுல நுழைய முடியாது. உங்க பேரையும் வந்த வரிசையிலயே எழுதுங்க கெமிஸ்ட் சார். சிநேகிதம்னு மேல தூக்கிப் போட்டுறாதீங்க!”

அன்றைக்கு நான் ஐந்தாவது. போன வாரம் முதலாவதாக வந்தபோது, “ஸ்வீட் எங்க சார்? சரி விடுங்க, நமக்கு டாக்டர் அளந்து விட்ட தண்ணியே வேளைக்கு அரை டம்ளர்தான்,” என்று சிரித்தீர்கள். எனக்கு முன்னால் இருந்த நால்வருக்கு இடம் எப்படி வந்தது தம்பி? கேட்கவே பயமாக இருக்கிறது.

போகவேண்டாம் என்று முடிவு செய்து நர்ஸிடம் சொன்னேன். “மனசு ஒப்பலம்மா. அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க.”

“நீங்களே வரிசையைக் கலைச்சா எப்படி சார்? அன்வர் அண்ணன் இருந்தா வூட்டுக்கே வந்து உங்கள இழுத்துட்டு வந்திருப்பாரு.”

வியாழக்கிழமை நான்காம் எண் மெஷினில் படுத்தேன். ஜன்னல் ஓரத்துப் பிளக்கில் உங்கள் போன் சார்ஜர் அப்படியே இருந்தது. நான்கு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எழுந்ததும் பட்டியலைத் திருத்தினேன். இப்போது முதல் பெயர் செல்வி. செந்துறையிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார். கதவருகே நின்று, “ஐயா, எனக்கு எப்ப வரும்?” என்றார். என்ன சொல்லட்டும்? நான் செத்தால் வரும் என்றா?

மாலையில் எல்லா மெஷினும் சும்மா நிற்கின்றன. மாலை ஷிப்டுக்கு ஆள் போடச் சொல்லி நீங்கள் கேட்ட மனு என் பைலில்தான் இருக்கிறது. எழுதியதெல்லாம் நான். கலெக்டர் ஆபீஸில் பேசியதெல்லாம் நீங்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் பைலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “அண்ணே, ஒரு தடவையாச்சும் நீங்க பேசுங்கண்ணே,” என்று போன மாதம் கேட்டீர்கள். அன்றுதான் முதல் முறையாக என்னை அண்ணே என்றீர்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குச் செல்வியை அழைத்துக்கொண்டு போகிறேன். மனுவை நீட்டிவிட்டு நகர்ந்துவிடமாட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டுப் படிப்பேன். மாலை ஷிப்ட் வரும்வரை ஒவ்வொரு திங்களும் படிப்பேன். எனக்கு நாக்கு உலர்ந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகக் காலைப் பங்குத் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலில் எடுத்துப்போகிறேன்.

உங்கள் அண்ணன்,
எறையூர் கலியபெருமாள்