இரண்டு கடைகளில் மருந்து வாங்கிய அண்ணனுக்கு

எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன் அம்மணி" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த என் அன்பு அண்ணா,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நம் பக்கத்துப் பழக்கம் அப்படி. ஆனால் உங்களுக்கு இனிமேல் அப்படி எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். உங்கள் மகள் நிவேதாவுக்கு வயிறு சரியில்லை. ஒரு வருடமாகவே சரியில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால்தான்.

சரவணம்பட்டியில் ஆபீஸ் முடிந்து, பீளமேட்டில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். வலது கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. "ஒரு வலி மாத்திரை குடுங்க அத்தை, படி ஏற முடியலை" என்றாள். என் கை தானாக அந்த டிராயருக்குப் போனது. உங்களுக்கு எடுத்துக் கொடுத்த அதே டிராயர், அதே மாத்திரை. அட்டையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"வயிறு எப்படிக் கண்ணு இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. காலுக்கு மாத்திரை கேட்டா வயித்தைக் கேக்கறீங்க?"

குரல்கூட உங்கள் குரல்தான் அண்ணா. அந்த "நல்லாத்தான்" என்பதில் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு இருக்குமே, அதேதான். நான் அட்டையை உள்ளே போட்டு டிராயரைச் சாத்தினேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி விடுங்க, வேற கடை இல்லாமயா போச்சு?" என்று திரும்பினாள்.

வேறு கடை என்று கேட்டதும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏனென்று உங்களுக்குத் தெரியும். நிவேதாவுக்குத் தெரியாது. அன்றைக்கு வரை நான் யாரிடமும் சொல்லவில்லையே.

காங்கேயம் - கோவை பஸ்ஸில் நீங்கள் கண்டக்டராக இருந்த கடைசி இரண்டு வருடத்தை நினைத்துப் பாருங்கள். வாரம் ஒரு முறை டியூட்டி முடிந்து என் வீட்டுக்கு வருவீர்கள். செருப்பைக் கழற்றியதும் நேரே பாத்ரூம். "எங்கண்ணன் தங்கச்சியப் பாக்க வர்றதில்லை, தங்கச்சி ஊட்டுப் பாத்ரூமப் பாக்க வர்றாரு" என்று நான் வாயாடுவேன். நீங்களும் சிரிப்பீர்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முட்டி வலிக்குது அம்மணி, நாளெல்லாம் நின்னுட்டே இருக்கற பொழப்பு" என்பீர்கள். நான் மாத்திரை அட்டையை உங்கள் சட்டைப் பையில் சொருகி அனுப்புவேன். பெரிய வைத்தியச்சி என்று நினைப்பு எனக்கு.

கடைக்கு யார் வந்தாலும் நான் ஒரு கேள்வி கேட்பேன். "வேற என்ன மாத்திரை சாப்புடறீங்க?" தெருவில் போகிறவரிடம் கேட்பேன், உங்களிடம் கேட்கவில்லை. மூத்த அண்ணனிடம் வயிறு எப்படி, வெளிக்குப் போவது எப்படி என்று தங்கச்சி கேட்பாளா? நீங்களும் சொல்லவில்லை. குடலில் புண் என்று டாக்டர் சொன்னதை எனக்குத் தெரியாமல் மறைக்க, அதற்கான மருந்தைக் காங்கேயத்திலேயே ஒரு கடையில் வாங்கினீர்கள். குடலுக்குக் காங்கேயத்தில் ஒரு டாக்டர், முட்டிக்குச் சூலூரில் ஒரு டாக்டர். இருவரிடமும் கைகட்டி நின்று, கேட்டதற்கு மட்டும் "பரவால்லீங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்தீர்கள். அவர்கள் மனம் கோணக்கூடாது என்று நினைத்தீர்களா? ஒரு உடம்பை இப்படி இரண்டாகப் பங்கு போட முடியுமா அண்ணா?

மூன்று வருடத்துக்கு முன்னால், ரத்தம் நிற்காமல் போய் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அண்ணி உங்கள் பையைக் கவிழ்த்தார். டிக்கெட் கட்டோடு இரண்டு மருந்துக் கவர்கள் விழுந்தன. ஒன்று காங்கேயத்துக் கடைக் கவர். அதைப் பார்த்துத்தான் உங்கள் குடல் நோயே எனக்குத் தெரிந்தது. இன்னொன்று என் கடைக் கவர். மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொன்னேன். "குடல் புண்ணு இருக்கறவருக்கு இதை யாருங்க குடுத்தது? புண்ணைக் கிளப்பிவிட்டுடுமே" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் கடைக் கவரை மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. அந்த மாத்திரைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அன்று கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிவேதாவிடம் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கணுக்கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"எனக்கும் ரத்தம் போகுது அத்தை" என்றாள். "கல்யாணப் பேச்சு நடக்குதில்ல, அம்மா மனசு ஒடஞ்சிருவாங்கன்னு சொல்லல."

அடுத்த நாளே குடல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் நிவேதா பழக்கதோஷத்தில் "நல்லா இருக்கேனுங்க" என்றாள். நான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். பிறகுதான் எல்லாம் வந்தது. எத்தனை தடவை போகிறது, என்ன நிறம், கணுக்கால் எப்போது வீங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். வயிறு மோசமான வாரங்களில்தான் காலும் வீங்கியிருக்கிறது. டாக்டர் மூட்டு டாக்டருக்கு அங்கேயே போன் போட்டார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைல்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றனவாம். பெரும்பாலும் நமக்கு ஒத்தாசையானவைதானாம். இந்த நோய் இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டமே மாறிப்போய்விடுகிறதாம். குடல் சுவர் புண்ணானதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சில கிருமிகளோடு மல்லுக்கு நிற்கிறது, அந்தச் சண்டை சிலருக்கு மூட்டு வரைக்கும் போய்விடுகிறது என்று நினைக்கிறார்களாம். எந்தக் கிருமி, ஏன் சிலருக்கு மட்டும் மூட்டு வீங்குகிறது, இதெல்லாம் இன்னும் முழுசாகத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"அப்பாவோட பஸ்ஸு மாதிரிதான் அத்தை" என்றாள் நிவேதா. "எவ்வளவு கூட்டம்னாலும் ஓடும். உள்ள ரெண்டு பேரு சண்டை போட்டாத்தான் வண்டியே நிக்கும்."

அந்தத் தேடலுக்கு நோயாளிகளின் மலத்தைச் சேகரிக்கிறார்கள். தருகிறாயா என்று கேட்டார்கள். நான் நெளிந்தேன். அவள் கையெழுத்துப் போட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். நீங்கள் என்னிடமே மறைத்ததை உங்கள் மகள் பேர் எழுதி, ஒட்டி, மூடிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடேங்கப்பா, என்ன பொண்ணு! ஆறு வாரம் மருந்து சாப்பிட்டதில் இப்போது கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது. வயிறும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வருகிறது.

மிச்சம் இருந்தது அண்ணி. போன ஞாயிற்றுக்கிழமை நானும் நிவேதாவும் காங்கேயம் கிளம்பினோம். உங்கள் ரூட் பஸ்தான். அண்ணியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பல்லடம் தாண்டியதும் நிவேதா என் கையைப் பிடித்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றேன். அவள் எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"அண்ணா, அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. அவசரமா பாத்ரூம் போவணும்."

"காங்கேயம் வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா அம்மணி?"

"முடியாதுங்கண்ணா. எனக்குக் குடல்ல புண்ணு இருக்குது."

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் நின்றது. முன் சீட்டில் ஒரு பெரியவர், "போயிட்டு நெதானமா வா கண்ணு, நாங்க எங்க போயிரப் போறோம்" என்றார். அவ்வளவுதான் அண்ணா. யாரும் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைத்தாச்சிகளுக்கு, எத்தனை சர்க்கரைக்காரர்களுக்கு அதே ரோட்டில் நீங்கள் விசில் அடித்திருப்பீர்கள்? உங்களுக்காக ஒரு தடவை அடித்ததுண்டா? நான் சீட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில், தண்ணீர்ச் சொம்பைக் கையில் வாங்கும்போதே அண்ணியிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை கொடுத்தது நான்தான், கவரை ஒளித்ததும் நான்தான் என்று.

"தெரியும் அம்மணி" என்றார். "நீ கவர மடிச்சு வெச்சத பாத்துட்டுத்தான் நின்னேன். நா என்னத்தக் கேக்கறது? தங்கச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு அவரு சொன்னாரு, நானும் உங்கிட்ட வாயத் தொறக்கல. நா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ அதக் குடுத்திருப்பியா?"

மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சங்கடம் வேண்டாம் என்று சும்மா இருந்திருக்கிறோம். நிவேதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க மரியாதைல தீய வெக்க" என்றாள். அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு நிவேதா தன் வயிற்றுக் கதையையும் ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள்.

அந்தக் கவர் இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்லாவுக்கு மேலே, எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில் ஒட்டியிருக்கிறேன். இனி என் கடையில் வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும், மாமனாரோ மூத்தவரோ, வயிறு எப்படி என்று கேட்காமல் அந்த டிராயரைத் திறக்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம். "நல்லா இருக்கேனுங்க" என்று சொன்னால், இன்னொரு தடவை கேட்பேன்.

கேட்க வேண்டிய நாளில் உங்களைக் கேட்காமல் கேலி பேசிய,
உங்கள் தங்கச்சி
சுமதி