அப்பாவின் இடது பக்கத்தில்

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கொண்டுவந்து தரும் பக்கத்து வீட்டு அத்தை கேட்டால் பள்ளிக்கூட விஷயம் என்று மட்டும் சொல், அவர் வாயில் எதுவும் நிற்காது என்பது உனக்கே தெரியும். நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் அதில் பாதிதான் உண்மை, நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? நீ வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தைகள் உன்னை மதியத்திலாவது உட்கார விடுகிறார்களா, கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பதால்தான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயத்தில் என்று நினைத்துக்கொள்.

அப்பா கீபோர்டு வாசிக்கும் ஹோட்டலுக்கு என்னையும் கூட்டிப்போகிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவேன், உண்மையில் எழுதுவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம். இத்தனை பேர் சாப்பிட வந்த இடத்தில் ஒருவர் எப்படித் தலையைத் தூக்கிப் பார்க்க வைக்கிறார் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். அப்பா கைதட்டுகிறவர்களைப் பார்ப்பதே இல்லை, தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒரு ஆளைக் கண்டுபிடித்து அவருக்காகவே வாசிக்கிறார். பாட்டின் நடுவே பொத்தானைத் தட்டி எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு டிரம் சத்தத்தை மட்டும் ஓடவிடுவார், அந்த வெற்றிடம் பொறுக்காமல் ஜனங்கள் தாங்களே கைதட்டத் தொடங்குவார்கள். யாரும் சொல்லாமல் ஏன் தட்டுகிறார்கள்? நீ முதன்முதலாக அப்பா வாசித்துக் கேட்டபோது தட்டினாயா?

போன மாதம், பாத்திரம் கழுவும்போது நீ முணுமுணுப்பாயே அந்த மழைப் பாட்டு, அதை வாசித்தார். அழுகை வர வேண்டிய இடத்தில் துள்ளலாக வந்தது. வலது கை வாசிப்பது சரியாகத்தான் இருந்தது, இடது கை அழுத்துவதை வைத்து கீபோர்டே அடியில் ஓட்டும் கிடாரும் பேஸும்தான் சந்தோஷமாக இருந்தன. எல்லாரும் தட்டைவிட்டு நிமிர்ந்தார்கள், அப்பா உடனே மைக்கில், "இன்னைக்கு மழைக்குப் பிறந்தநாள், அதான் அழமாட்டேங்குது" என்றார், கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கூர்ந்து பார்த்தேன். இடது கையில் மூன்று விரல் வைத்து அழுத்துவாரே, அதை விட்டுவிட்டு, புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்காக கீபோர்டுப் பெட்டியில் வைத்திருக்கும் ஒற்றை விரல் வசதிக்கு மாற்றியிருந்தார். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், மீதியைப் பெட்டியே வாசித்துவிடும், ஆனால் சோகப் பாட்டுக்குப் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்பாவின் சுட்டுவிரல் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மற்ற விரல்கள் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மரத்துப்போகிறது, படுத்த வாக்கு சரியில்லை என்றார். மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திரையில போற விஷயம் இல்ல மாஸ்டர், நரம்பு டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போட்டா அப்புறம் கை திரும்பி வராது" என்று என் எதிரிலேயே சொன்னார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "உங்கம்மா காதுக்குப் போச்சுன்னா மறுநாளே பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா, வாயைத் திறக்காத பாப்பா" என்றார்.

அதன் பிறகு நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் அம்மா, நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். அப்பாவின் இடது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், அவர் வலது கை, நான் இடது கை. முதல் பாட்டில் நான் குனிந்த தலை நிமிரவில்லை, யாரும் எங்களைச் சட்டை செய்யவில்லை. "கட்டை எங்கயும் ஓடிடாது, ஆளுங்களைப் பாரு" என்று அப்பா முணுமுணுத்தார். நிமிர்ந்தால் முன் மேஜையில் ஒரு கைக்குழந்தை கரண்டியால் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தது, பாட்டைவிட மெதுவாக. எனக்கு என்ன தோன்றியதோ, வேகத்தைக் குறைத்துக் குறைத்து அந்தக் கரண்டியோடு சேர்த்துவிட்டேன். அப்பா புருவத்தைத் தூக்கினார், ஆனால் கூடவே வந்தார். பக்கத்து மேஜைக்காரர் முதலில் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார், பிறகு எல்லாரும் திரும்பி குழந்தையோடு சேர்ந்து தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலாளி வந்து, "இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிங்க மாஸ்டர், ஜனங்களுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

அன்றிலிருந்து அப்பா டாக்டர் பேச்சையே எடுப்பதில்லை. நான் கேட்டால், "அதான் நீ இருக்கியே" என்கிறார். நான் உட்கார்ந்திருப்பதால்தான் கை கெட்டுக்கொண்டு போகிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்துவிட்டால் வேலை போய்விடுமோ என்றும் பயம்.

அதனால் நீதான் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அந்த மழைப் பாட்டை வாசிக்கச் சொல், ஆசையாக இருக்கிறது என்று சொல். என்னைக் கூப்பிடுவார், நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன். தனியாக வாசிப்பார். உனக்கே காதில் விழும், பிறகு நான் சொன்னதாக இருக்காது. கோபப்படாமல் கேள், அப்பா உன்னிடம் பொய் சொன்னால் இரண்டாவது வார்த்தையிலேயே இருமுவார். நீ ஓடி வந்துவிட வேண்டாம், டாக்டரிடம் போக வை, அது போதும். உன் காலையும் யாரிடமாவது காட்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தால் நான் எங்கே போவேன். வேளைக்குச் சாப்பிடு. நீ கும்பிடும் சாமி உன்னையும் பார்த்துக்கொள்ளட்டும். அத்தையிடம் கொடுத்துவிடும் ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்துவிடாமல்

கதவைத் தட்டுகிறார். அவர் அறையில் இவ்வளவு நேரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. சட்டையில் வலது கைப் பொத்தான் இடது கைக்குக் கழலவில்லையாம், கொஞ்சம் வந்து கழற்றிவிடச் சொல்கிறார் அம்மா